மிதவைக்காரரின் முதல் வெள்ளாமை

என் வீட்டுக்காரர் தேவநேசன் முப்பது வருஷம் கப்பலில் இருந்தவர். கப்பல் என்றதும் வெள்ளைச் சட்டையும் தொப்பியும் என்று நினைத்துவிடாதீர்கள். நடுக்கடலில் மிதவை போடுகிற கப்பல். மஞ்சள் பெயிண்ட் அடித்து, ஆளைவிட உயரமாக இருக்குமாம் ஒவ்வொரு மிதவையும். அதன் அடியில் கடலின் தரை வரைக்கும் கயிறு, கயிற்றில் வரிசையாகக் கருவிகள். மேலே காற்று எப்படி அடிக்கிறது, கீழே தண்ணீர் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று அது பாட்டுக்கு அளந்து அனுப்பிக்கொண்டே இருக்கும். அதை இறக்குவது, பாசி அப்பினால் தூக்கிச் சுரண்டுவது, கயிறு அறுந்து ஓடிவிட்டால் துரத்திப் பிடிப்பது, இதெல்லாம் இவர் வேலை. வருஷத்தில் பெரும்பகுதி வங்காள விரிகுடாவிலேயே போய்விடும். எனக்குக் கிடைத்தது லீவு நாட்கள் மட்டும்தான்.

அந்த முப்பது வருஷமும் காட்டைப் பார்த்தது நான். மம்சாபுரத்துக்குக் கிழக்கே மூன்று ஏக்கர் கரிசல், என் அப்பா எனக்குக் கொடுத்தது. கிணறு கிடையாது. வானம் பார்த்த பூமி. மக்காச்சோளமோ பருத்தியோ போட்டு, களை வெட்டி, பன்றியை விரட்டி, விளைந்ததை வீடு கொண்டுவந்து சேர்த்தது இந்தப் பரிபூரணம்தான். ஓய்வு பெற்று வந்து பெட்டியை இறக்கி வைத்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா?

"இனிமே நீ செத்த ஒக்காரு. காட்ட நான் பாத்துக்கிடுதேன்."

சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. மண்வெட்டியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று கேட்காமல் விட்டாரே, ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் என்று உள்ளே போய் காப்பி போட்டேன்.

எங்களுக்கு ஒரே மகன், ஜெர்வின். கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான். அந்தச் சமயத்தில் ஒரு சோலார் கம்பெனி எங்கள் பக்கத்து நிலங்களைக் கேட்டு வந்திருந்தது. இருபத்தைந்து வருஷக் குத்தகை. மண்ணைத் தட்டிச் சமப்படுத்தி, வரிசையாகக் கண்ணாடிப் பலகைகளை நிறுத்திவிடுவார்கள். பிறகு அங்கே கம்பு கூட முளைக்காது. கொடுத்துவிடலாம் என்பது ஜெர்வினின் கட்சி. கூடாது என்பது அவன் அப்பாவின் கட்சி. போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் மல்லுக்கட்டினார்கள்.

"அப்பா, மழைய நம்பி அம்மா பட்ட பாடு போதும். வெயில் என்னைக்கும் ஏமாத்தாது."

"ஏலே, நான் மழ பொறக்குற எடத்துல குடியிருந்தவன். எனக்கு ஒரே ஒரு வெள்ளாமை விடு. இந்த வருசம் வெளஞ்சு வீடு வந்துச்சுன்னா இந்தப் பேச்ச விட்டுரு. வரலன்னா நீ காட்டுற எடத்துல கையெழுத்துப் போடுதோம்."

"சரிப்பா. ஒரு வெள்ளாமை. பொறவு பேச்சு மாறக் கூடாது."

பட்டா என் பேரில். பந்தயம் கட்டியது அப்பனும் மகனும். என்னை ஒரு வார்த்தை கேட்டார்களா? அடுப்படியில் நின்றுகொண்டிருந்த எனக்குக் கையில் இருந்த கரண்டியைப் போன் மேலேயே வீசலாமா என்று வந்தது. ஆனால் அந்த மனிதர் முகத்தில் அவ்வளவு ஆசை. கல்யாணமான புதிதில் கூட நான் பார்த்ததில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

எங்கள் கரிசலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நல்ல மழை ஒன்று பெய்துவிட்டால் அது களியாகிவிடும். டிராக்டர் இறங்காது, மாடு இறங்காது, மனிதர் இறங்கினால் செருப்பு திரும்பி வராது. அது காய்ந்து கால் வைக்கிற பதத்துக்கு வருவதற்குள் அடுத்த மழை வந்துவிடும், பருவமும் போய்விடும். அதனால் மழைக்கு முன்பே, புரட்டாசியில், காய்ந்த புழுதியில் விதையைப் போட்டு மூடிவிடுவோம். புழுதி விதைப்பு என்று பெயர். விதை பாட்டுக்கு உள்ளே படுத்துக் கிடக்கும். மழை வந்ததும் எழுந்துகொள்ளும். அதையும் எல்லாரும் ஒரே சமயத்தில் செய்ய வேண்டும். ஒருவர் மட்டும் தனியாக விதைத்தால் சுற்று வட்டாரத்து மயில் பூராவும் அந்த ஒரு காட்டில் இறங்கி விருந்து வைத்துக்கொள்ளும்.

இவர் பிறந்தது ராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடியில். மாந்தோப்பும் செம்மண்ணும். அங்கே மழை விட்ட மறுநாள் கல்யாண வீட்டுக்குப் போகிற செருப்பைப் போட்டுக்கொண்டு தோப்புக்குள் நடக்கலாம். அந்த மண்ணிலிருந்து நேரே கடலுக்குப் போனவர். நடுவில் கரிசலைப் பார்த்தது லீவு நாட்களில், வரப்பில் நின்று.

புரட்டாசி பிறந்ததும் விதை வாங்க இரண்டு பேரும் ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். விதைக் கடையில் கூட்டம். வாங்கிக்கொண்டு திரும்பும்போது பால்கோவா வாங்க ஒரு கடையில் நின்றோம். கடைக்குப் பின்னால் அடுப்படி தெரிந்தது. விறகை வெளியே இழுத்துப் போட்டுவிட்டார்கள், ஆனாலும் பெரிய சட்டியில் பால் இன்னும் கொப்பளித்துக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாத்தியா பரிபூரணம்? தீ போயிருச்சு, கொதிப்பு போகல. கடலும் அப்டித்தான். நாம ஊரெல்லாம் புகைய விட்டு ஒலகத்தச் சூடாக்குதோம்லா, அந்தச் சூட்டுல பெரும்பங்கக் கடலுதான் வாங்கி வச்சிருக்கு. லேசுல ஆறாது. மேகமாவும் காத்தாவும் அத நமக்கே திருப்பித் தரும்."

"சரிங்க. அதுக்கும் நம்ம மக்காச்சோளத்துக்கும் என்ன?"

"இந்தியப் பெருங்கடல் ஒரு தராசு மாதிரிட்டி. ஆப்பிரிக்கா பக்கம் ஒரு தட்டு, சுமத்ரா பக்கம் ஒரு தட்டு. எந்தத் தட்டுல தண்ணி சூடு கூடுதோ, மேகம் அங்க போயி ஒக்காந்துக்கிடும். இந்த வருசம் சூடு பூராம் சுமத்ரா பக்கம். நம்ம மழ தள்ளித்தான் வரும். கார்த்திகை பொறக்கணும்."

"தள்ளி வரட்டும். வெத மண்ணுக்குள்ள கெடக்கும். அதுக்கென்ன மூணு வேளையும் சோறா போடப் போறோம்?"

"மழையே இல்லன்னா கெடக்கும். நடுவுல அரைகுறையா ஒண்ணு விழுந்தா? மொளச்சிரும். பொறவு குடிக்கத் தண்ணி இருக்காது. நம்ம பக்கத்துக் கடலும் சூடாத்தான் கெடக்கு. ஒரு இடி மழ கண்டிப்பா விழும். அதுல மொளச்சது எல்லாம் செத்துப் போகும்."

கடைக்காரர் பால்கோவாவை நிறுத்துக் கையில் கொடுத்தபடி, "சாருக்கு எந்தக் காலேஜ்?" என்று கேட்டார். இவருக்கு அன்று முழுக்க வாயெல்லாம் பல்.

ஊர் முழுக்க விதைத்தது. எங்கள் காட்டை மட்டும் சும்மா போட்டார். டிராக்டர் வைத்து எல்லாருக்கும் விதைத்துக் கொடுப்பவன் வல்லரசு என்கிற பையன். அவன் எங்கள் வரப்பைச் சுற்றிக்கொண்டு போகும்போது என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். பக்கத்துக் காட்டுக்காரி மாடத்தி சும்மா இருப்பாளா? அவளும் நானும் ஒன்றாகக் களை வெட்டி வளர்ந்தவர்கள். வரப்பில் நின்றுகொண்டு சத்தமாகவே கேட்டாள்.

"அண்ணாச்சி, கடலு எங்க கெடக்கு, நம்ம காடு எங்க கெடக்கு? சுமத்ராக்காரன் சூட்டுக்கு எங்க மக்காச்சோளம் ஏன் பயப்படணும்?"

"இரு மாடத்தி, பாக்கத்தானே போற" என்றார்.

"மதினி, அண்ணாச்சிக்கு இன்னும் கப்பல் ஆட்டம் தீரல போல. எலுமிச்சம்பழம் எதுவும் குடுத்துப் பாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முன்னால் சிரிக்கக் கூடாது என்று அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து திட்டு திட்டென்று திட்டினேன். எல்லாரும் செய்வதைச் செய்தால் நட்டம் வந்தாலும் ஊரோடு போகும், தனியாக நின்றால் நம் தலையில் மட்டும் விடியும் என்றேன். அவர் போனில் ஒரு நீலமும் சிவப்புமான படத்தைக் காட்டி, "இந்தா, இது நான் போட்ட மிதவை சொல்லுது" என்றார். மிதவை சொல்கிறது, பெண்டாட்டி சொன்னால் காதில் ஏறவில்லை.

அப்புறம் அது நடந்தது. புரட்டாசி முடிவதற்குள் ஒரு சாயங்காலம் மலைப் பக்கமிருந்து கறுத்துக்கொண்டு வந்து, இடியோடு செத்த நேரம் மழை. ஒரு உழவுக்குக் காணாது. ஆனால் விதைக்குப் போதும். நாலாம் நாள் சுற்றிலும் எல்லாக் காட்டிலும் பச்சைக் கோடு கிழித்தாற்போல முளை. மாடத்தி என் வீட்டு வாசலில் நின்று பாட்டே படித்துவிட்டுப் போனாள். அதன் பிறகு வெயில். புரட்டாசி வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு சொட்டு இல்லை. முளைத்தது நுனி கருகி, மஞ்சளாகி, படுத்துவிட்டது. காலையில் காட்டுப் பக்கம் போனால் ஒருவர் முகத்தையும் பார்க்க முடியவில்லை. மாடத்தி வரப்பில் உட்கார்ந்து, காய்ந்த பயிர் ஒன்றைப் பிடுங்கி வேரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அண்ணாச்சி சொன்னாரு மதினி. சொன்னபடியே ஆயிப்போச்சு."

அதோடு என் வீட்டுக்காரரின் மதிப்பு எங்கேயோ உயரத்துக்குப் போய்விட்டது. மிதவைக்காரர் என்று பட்டப்பெயரே வந்துவிட்டது. டீக்கடைக்கு இவர் போனால் பெஞ்சில் இடம் விடுகிறார்கள். எங்கள் வேதக் கோயிலில் வருஷா வருஷம் அசனம் போடுவோம். கறிக் குழம்பும் சாம்பாரும் திறந்த வெளியில் பெரிய பெரிய அண்டாக்களில் காய்ச்சி, ஊர் முழுக்க உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. ஐப்பசி என்றால் மழை வந்து அடுப்பை அணைத்துவிடுமோ என்று கமிட்டியில் எப்போதும் சண்டை. இந்த வருஷம் சண்டையே இல்லை, நேராக இவரிடம் வந்து நாள் கேட்டார்கள். ஐப்பசி கடைசி ஞாயிற்றுக்கிழமை தாராளமாக வையுங்கள் என்றார். அன்று வானத்தில் ஒரு மேகம் கிடையாது. சபைப் போதகர் ஐயரே ஜெபத்தில், "சகோதரர் தேவநேசனுக்குக் கொடுத்த ஞானத்துக்காக" என்று ஸ்தோத்திரம் பண்ணினார். நான் கண்ணை மூடியிருந்தாலும் இவர் நெஞ்சு நிமிர்வது எனக்குத் தெரிந்தது.

ஆனால் அசனத்துக்கு முந்தைய வாரமே நடந்த ஒரு காரியத்தைச் சொல்லவில்லையே. ஐப்பசி நடுவில் ஊர் மறுபடி விதை வாங்கி, மறுபடி புழுதியில் விதைத்தது. அங்கங்கே நகையை அடகு வைத்து வாங்கினார்கள். வல்லரசின் விதைக் கலப்பையில் முனை முறிந்து, ராஜபாளையத்தில் ஒரு பட்டறையில் வெல்டிங் வைத்து எடுத்து வந்திருந்தான். அவனுக்கு நிற்க நேரமில்லை. மாடத்தி காட்டை முடித்துவிட்டு எங்கள் வரப்போரம் வந்து வண்டியை ஆஃப் பண்ணாமலே நின்றான். நானும் இவரும் அங்கேதான் இருந்தோம். மாடத்தியும் வந்தாள்.

"மாமா, இன்னைக்கு விட்டா பொறவு நான் வர முடியாது. போட்ருவமா?" என்றான் வல்லரசு.

இவர் போனைப் பார்த்தார். "கார்த்திகை பொறந்துதான் மழ. அதுக்குள்ள இன்னொரு அரைத் தூத்தல் விழுந்தா மறுபடி போச்சு. எங்கிட்ட இருக்கது ஒரு தடவைக்கு உள்ள வெதைதான். மழ பேயட்டும். பேஞ்ச பொறவு போடுவோம்."

"பேஞ்ச பொறவு இதுக்குள்ள வண்டி எறங்காது மாமா."

"எடையில ரெண்டு மூணு நாள் மழ விட்டு வானம் வெறிக்கும்லே. மொத மழைக்கும் அடுத்த மழைக்கும் நடுவுல இடைவெளி இருக்கு. அந்த இடைவெளியில போட்ரலாம்."

மாடத்தி என்னைப் பார்த்தாள். "மதினி, சொல்லேன். இது அவிய ஊரு மண்ணு இல்ல. ரெண்டு நாள்ல இது காயுமா? வண்டி நிக்கி. ஒரு வார்த்த சொல்லு."

நான் சொல்லாமலா இருந்தேன்? "ஏங்க, இந்த மண்ணு ஒங்க தோப்பு மாதிரி கெடையாது. ஈரம் பட்டா விடாது. கடலு நீங்க சொல்றபடி கேக்கும், கரிசல் கேக்காது. போடச் சொல்லுங்க."

"போன தடவையும் இப்டித்தானே எல்லாருஞ் சொன்னீக?" என்றார். கோபமாகக் கூடச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னார்.

போன தடவை அவர் சொன்னதுதான் நடந்தது. பட்டா என் பேரில்தான் இருக்கிறது, "நீ போடுலே வல்லரசு" என்று நான் ஒரு சத்தம் கொடுத்திருந்தால் அவன் போட்டிருப்பான். ஊரே முதன்முதலாக மதிக்கிற ஒரு மனிதரை, டிராக்டர்காரன் முன்னால் வைத்து எப்படி மட்டம் தட்டுவது? எனக்கு மனசு ஒப்பவில்லை. வல்லரசு கியரைப் போட்டு அடுத்த காட்டுக்குப் போய்விட்டான்.

கார்த்திகை பிறந்தது. சொல்லி வைத்தாற்போல மழை வந்தது.

அப்படி ஒரு மழை. மலை தெரியவில்லை, பக்கத்துத் தெரு தெரியவில்லை. கண்மாய்க்குத் தண்ணீர் வருகிற சத்தம் வீட்டுக்குள் கேட்டது. என் வீட்டுக்காரர் தெருவில் இறங்கி, துண்டைத் தலையில் கூடப் போடாமல் நனைந்துகொண்டு நின்றார். "பாத்தியாட்டி, பாத்தியா! சுமத்ரா பக்கம் இருந்த மேகம் கெளம்பி வந்திருச்சு பாத்தியா!" என்று கத்தினார். எதிர் வீட்டில் எல்லாரும் ஜன்னலில். எனக்கும் சந்தோஷம்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். நான் கட்டின மனிதர் சொன்னது ஊர் முன்னால் பலிக்கிறதே.

மழை விட்டது. அவர் சொன்ன இடைவெளியும் வந்தது. வெயில் கூட அடித்தது. வல்லரசைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குப் போனார். அவன் வண்டியைப் பாதையில் நிறுத்திவிட்டு, இறங்கி ஒரு காலை மட்டும் உள்ளே வைத்துப் பார்த்தான். கணுக்கால் வரை போனது. காலை உருவி எடுத்து, ஒட்டின களியை வரப்பில் தேய்த்துவிட்டு, "நான் என்னத்தச் சொல்ல மாமா" என்று வண்டியைத் திருப்பினான். மூன்றாம் நாள் மறுபடி மழை. அதற்கும் அடுத்த வாரம் இன்னொன்று. கடலுக்கு இந்தத் தடவை கொடுத்த கையை மடக்கத் தெரியவில்லை.

ஊர்க் காடெல்லாம் பச்சை. புழுதியில் இரண்டாம் தடவை விழுந்த விதை ஒன்று விடாமல் முளைத்து, தண்ணீரைக் குடித்துக் குடித்து முழங்கால் உயரம் வந்துவிட்டது. மாடத்தி காட்டில் தோகை விரிந்து காற்றில் அசைகிறது. அதற்கும் அந்தப் பக்கத்துக் காட்டுக்கும் நடுவில் எங்கள் மூன்று ஏக்கர் மட்டும் கறுப்பாக, ஈரம் மினுங்கிக்கொண்டு, சொட்டையாகக் கிடந்தது. கடலைப் பற்றி அவர் சொன்னதில் ஒன்று தப்பவில்லை. அத்தனையும் சரியாகச் சொன்னவர் காட்டில்தான் ஒரு பயிர் இல்லை.

இவர் டீக்கடைக்குப் போவதை விட்டுவிட்டார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. கேலி செய்தால் கூட நான் போய்ச் சண்டை பிடிப்பேன். மாடத்தி வரப்பில் என்னைப் பார்த்தால் தன் காட்டுப் பயிரை மறைப்பது போல முன்னால் வந்து நின்றுகொள்கிறாள். ஜெர்வின் போன் பண்ணி, "அம்மா, பயிர் எப்டி இருக்கு?" என்று கேட்டான். "மழையாக் கெடக்குலே, பொறவு பேசுதேன்" என்று வைத்துவிட்டேன். அவனுக்கு மட்டும் தெரியாமல் இருக்குமா? வல்லரசின் அண்ணன் அவனோடு படித்தவன்.

கார்த்திகை பாதியில் ஒரு காலையில் எழுந்து பார்த்தால் வீட்டில் இவரைக் காணோம். விதைப் பையையும் காணோம். தலையைக் கூட முடியாமல் காட்டுக்கு ஓடினேன். பார்த்தால், காட்டுக்கு நடுவில் நிற்கிறார். வேட்டியை மடித்துக் கட்டி, பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஒரு கம்பால் களியைக் குத்திக் குத்தி ஒவ்வொரு விதையாகப் போட்டிருக்கிறார். போட்டுப் போட்டு முன்னேறிப் போய், கெண்டைக்கால் வரை புதைந்து, முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல் நிற்கிறார். அவர் போட்டுவிட்டு வந்த தடத்தில் மயில்கள் சாவகாசமாக நடந்து, ஒவ்வொன்றாகக் கிளறித் தின்றுகொண்டிருந்தன. சுற்றிலும் முளைத்த காடு. விதை கிடைக்கிற இடம் அந்த ஒரு வரிசைதான்.

"அட மனுசா!" என்று கத்தினேன். "ஒங்களுக்கு என்ன கேடு? இதுக்குள்ள எறங்குற வயசா இது? விழுந்தா யாரு தூக்க?"

அவர் திரும்பவில்லை. விதைப் பையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"ஜெர்வினுக்குப் போன் போட்டுச் சொல்லிரு பரிபூரணம். கம்பெனிக்காரனக் கூட்டிட்டு வரட்டும். கையெழுத்துப் போட்ருவோம்."

செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டுச் சேலையைத் தூக்கிச் செருகினேன். களிக்குள் எப்படிக் கால் வைப்பது என்று எனக்குத் தெரியும். அவசரப்படாமல், பாதத்தைச் சாய்த்து வைத்து, உருவி உருவி நடக்க வேண்டும். பக்கத்தில் போய் அவர் கையைப் பிடித்தேன். எட்டி முகத்தைப் பார்த்தால், அழுதுகொண்டிருந்தார்.

"முப்பது வருசமா நான் பாத்த மழையெல்லாம் தண்ணி மேல பேஞ்ச மழைட்டி" என்றார். "கொட்டு கொட்டுனு கொட்டும். விட்ட மறு நிமிசம் பேஞ்ச எடம் தெரியாது. கப்பல் பாட்டுக்குப் போகும். நாங்க பாட்டுக்கு வேலையப் பாப்போம். மழ எப்ப வரும்னு மட்டுந்தான் எனக்குத் தெரியும். விழுந்த பொறவு என்ன செய்யும்னு நான் ஒரு தடவ கூடப் பாக்கல."

"எனக்குத் தெரியும்" என்றேன். "அம்புட்டையும் நான் பாத்தேன். மழ விட்டதும் இந்த வரப்புலதான் வந்து நிப்பேன். இங்க இப்டிக் கொட்டுதே, அந்த மனுசன் எந்தக் கடல்ல எந்தக் கயித்தப் பிடிச்சுட்டு நிக்காரோன்னு நெனைப்பேன். ஒவ்வொரு மழைக்கும் நெனைப்பேன். எனக்கு நீங்க இல்லாத மழையே பிடிக்காது."

அவர் என்னைப் பார்த்தார். "நீ சொல்லவே இல்லையேட்டி."

"நடுக்கடல்ல எந்த டவர்ல ஒங்களப் பிடிச்சுச் சொல்ல?"

அந்த நேரத்தில் என் இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. ஜெர்வின். அவன் அப்பா அதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். நான் சேறு ஒட்டின விரலால் அழுத்திக் காதில் வைத்தேன்.

"அம்மா, நம்ம காட்டுல ஒண்ணும் மொளைக்கலையாமே? அந்தக் கம்பெனி ஆளு லைன்ல இருக்காரு. அடுத்த வாரம் கூட்டிட்டு வரவா?"

"வேண்டாம். நிலம் என் பேர்ல இருக்கு, நான் தரலன்னு சொல்லிரு."

"என்னம்மா இது? அப்பா ஒத்துக்கிட்டாருல்லா? ஒரு வெள்ளாமைனு சொன்னாருல்லா?"

"அவுக சொன்னாக, நான் சொல்லல. ஏலே, இந்தக் காட்டுக்கு இப்பத்தான் புதுசா ஒரு ஆளு வேலைக்கு வந்திருக்கு. இன்னும் கால் வைக்கவே பழகல. மொத வருசத்துலயே யாராவது வேலைய விட்டுத் தூக்குவாகளா?"

போனை இடுப்பில் செருகிக்கொண்டேன். "சாஞ்சு வைங்க காலை. அப்டி இல்ல, சாஞ்சு" என்று சொல்லிக்கொண்டே அவர் கையைப் பிடித்து, வரப்பைப் பார்த்து ஒவ்வோர் அடியாக நடத்திக் கூட்டி வந்தேன்.